புழுத்தொற்றுக்காக ஒரு சீலை மயக்கலாமா? ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

வனவிலங்கு மருத்துவத்துக்குள் வரும் மாணவர்களும், ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக் கடற்கரைகளில் தன்னார்வலராகச் சேர்கிறவர்களும் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள். கரையில் கிடக்கும் சீல் (கடல்நாய்) அல்லது கடற்சிங்கக் குட்டிக்குப் புழு இருப்பது தெரிகிறது, மருந்தும் கையில் இருக்கிறது. பிடித்து மருந்து போடுவதா, மயக்கிப் போடுவதா, மீட்பு மையத்துக்குத் தூக்கிக்கொண்டு போவதா, இல்லை பேசாமல் விட்டுவிடுவதா?

நாயோ மாடோ என்றால் இதில் குழப்பமே இல்லை. சீல்களிலும் கடற்சிங்கங்களிலும் புழுவைக் கொல்லும் மருந்து பெரும்பாலும் சாதுவானது. அந்த மருந்தைச் செலுத்துவதற்காக விலங்கை அசையாமல் வைக்கிறோமே, அங்கேதான் உயிர் போகிறது. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: புழுவுக்காக மட்டும் ஒரு சீலை மயக்குவது அநேகமாக எப்போதும் தவறான முடிவு. ஏன் என்பதையும், எந்தச் சூழலில் அது சரியாகலாம் என்பதையும் பார்ப்போம்.

## முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

எந்தப் புழு, எந்த வயது. எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். வளர்ந்த சீலின் இரைப்பையில் அனிசாக்கிஸ் வகை உருளைப்புழுக்கள் இருப்பது சர்வசாதாரணம். மீனைத் தின்கிற விலங்கு மீனில் இருக்கும் புழுவையும் சேர்த்துத்தான் தின்னும். நல்ல உடற்கட்டோடு இருக்கும் விலங்குக்கு அதற்காக வைத்தியம் தேவையில்லை.

கொக்கிப்புழுவின் கதை வேறு. அலாஸ்காவை ஒட்டிய பிரிபிலோஃப் தீவுகளில் ரோமக் கடற்சிங்கங்களை ஆராய்ந்த ஓல்சனும் லயன்ஸும் 1965-இல் அதன் வாழ்க்கைச் சுழற்சியை வெளியிட்டார்கள். இளம்புழுக்கள் தாயின் உடல் திசுக்களில், முக்கியமாகக் கொழுப்பில், உறங்கிக் கிடக்கின்றன. குட்டி பிறந்ததும் முதல் சில நாள் பாலோடு அதன் குடலுக்குள் போகின்றன. இரண்டு வாரத்துக்குள் வளர்ந்து குடற்சுவரைக் கடித்து இரத்தம் குடிக்கின்றன. இரண்டு மூன்று மாதத்தில் குட்டியின் உடலே அவற்றை வெளியேற்றிவிடுகிறது. அதாவது ஆபத்தான காலம் சில வாரங்கள்தான். மருந்து பலன் தருவதும் அந்தச் சில வாரங்களில்தான். தெற்கு ஆஸ்திரேலியாவில் சீல் பே, டேஞ்சரஸ் ரீஃப் என்ற இரண்டு பெரிய இனப்பெருக்கத் தளங்களில் ஆராய்ந்தபோது, குட்டிகள் அத்தனைக்கும் இந்தத் தொற்று இருந்தது. அந்தப் புழுவுக்கு அன்சினேரியா சாங்குவினிஸ் என்று 2014-இல் பெயரிட்டார்கள்.

நுரையீரல் புழு மூன்றாவது வகை. பால்குடி மறந்து மீன் தின்னத் தொடங்கிய இளம் சீல்களுக்கு வருகிறது. இதில் மருந்தே ஆபத்தாகலாம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

மூச்சு. சீல் மூழ்கும்போது மூச்சை நிறுத்துகிறது, இதயத் துடிப்பைக் குறைக்கிறது, இரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்குகிறது. உடலியல் ஆய்வாளர் பெர் ஷோலாண்டர் 1940-இல் விரிவாக விவரித்த இந்த உடலியல்தான் மயக்கத்தின்போது எதிரியாக மாறுகிறது. மருந்து ஏறியதும் கரையில் கிடக்கும் விலங்கின் உடல், கடலுக்குள் மூழ்கியதுபோல் நடந்துகொள்கிறது. மூச்சு நிற்கிறது, துடிப்பு தாழ்கிறது. தூங்கும் சீல் இயல்பாகவே சில நிமிடங்கள் மூச்சை நிறுத்திவைக்கும். ஆகவே பக்கத்தில் நிற்கும் மருத்துவருக்கு இது இயல்பான இடைவெளியா, சாவின் தொடக்கமா என்று உடனே சொல்ல முடிவதில்லை.

இதன்மேல் புழுவும் சேர்ந்தால்? கொக்கிப்புழு இரத்தத்தைக் குடித்துவிட்டது, ஆகவே ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்பணு குறைவு. இரத்தப் புரதமும் குறைவு. மிடாசோலாம் போன்ற மயக்க மருந்துகளில் பெரும்பகுதி புரதத்தோடு ஒட்டியே இரத்தத்தில் ஓடும். புரதம் குறைந்தால் அதே அளவு மருந்து கூடுதலாக வேலை செய்யும். நுரையீரல் புழு என்றால் மூச்சுக்குழாயே பாதி அடைத்திருக்கிறது. எந்த விலங்குக்கு வைத்தியம் மிக அவசரமோ, அதற்கே மயக்கமும் மிக ஆபத்து.

நீர் எவ்வளவு தூரம். அரை மயக்கத்தில் கடலுக்குள் இறங்கும் சீல் மூழ்கிச் சாகலாம். பாறை விளிம்பில் படுத்திருக்கும் விலங்குக்கும், கரையிலிருந்து உள்ளே தள்ளி மணலில் படுத்திருக்கும் விலங்குக்கும் ஒரே திட்டம் போட முடியாது.

தாயும் கூட்டமும். மனிதர் நுழைந்ததும் கூட்டம் கலைந்து ஓடினால், அந்தக் களேபரத்தில் குட்டிகள் மிதிபடும். ஒரு குட்டியைக் காப்பாற்றப் போய் இன்னொன்றை இழக்கலாம்.

உடல் வெப்பம். கொழுத்த விலங்கு வெயில் மணலில் மயங்கிக் கிடந்தால் சூடேறிப் போகும். இளைத்த குட்டி காற்றில் குளிர்ந்துபோகும். இரண்டும் கொல்லும்.

இனத்தின் நிலை. லட்சக்கணக்கில் இருக்கும் இனத்தில் ஒரு குட்டியின் சாவு இயற்கையின் கணக்கு. ஆஸ்திரேலியக் கடற்சிங்கத்தில் அப்படிச் சொல்ல முடியாது. அதன் பெண் விலங்குகள் தாம் பிறந்த இடத்துக்கே திரும்பி ஈனுகின்றன. ஒரு சிறிய தளம் காலியானால் பக்கத்துத் தளத்திலிருந்து வந்து நிரப்ப ஆளில்லை. குட்டி ஈனும் சுழற்சியும் ஆண்டுக்கொரு முறை இல்லை, ஏறத்தாழ 17 முதல் 18 மாதங்களுக்கு ஒரு முறை.

## வழி 1: விட்டுவிடுவது

இதை அலட்சியம் என்று நினைக்க வேண்டாம். மணலில் கிடக்கும் சாணத்தை எடுத்துப் புழு முட்டை பார்க்கலாம், தூரத்திலிருந்து உடற்கட்டைப் படமெடுத்து ஒப்பிடலாம். விலங்கைத் தொடாமலே நிறையத் தெரிந்துகொள்ள முடியும்.

மூன்று மாதம் தாண்டிய குட்டிக்குக் கொக்கிப்புழு மருந்து கொடுப்பதில் அர்த்தம் குறைவு, அதன் உடல் ஏற்கெனவே அந்த வேலையை முடித்திருக்கும். இரைப்பைப் புழு உள்ள வளர்ந்த விலங்குக்கும் இதே பதில். பூனைகளிடமிருந்து கடலுக்குப் போகும் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்கு இந்தப் புழு மருந்துகள் எதுவும் உதவாது. ஹவாய் துறவிச் சீல்கள் பத்துக்கும் மேல் அதனால் இறந்திருக்கின்றன. அங்கே பார்க்க வேண்டியது தெருப்பூனைகளை.

இதன் மறைமுக விலை, அருகிவரும் இனத்தில்தான் தெரியும். தடுக்கக்கூடிய சாவுகளை வேடிக்கை பார்த்தோம் என்றாகிவிடும்.

## வழி 2: கையால் பிடித்து ஊசி போடுவது

பிறக்கும்போது ஏழு எட்டு கிலோ இருக்கும் குட்டியை, பழகிய இருவர் சில நிமிடங்களுக்குப் பிடித்துவைக்கலாம். மயக்கம் வேண்டாம். ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து, ஒரு கிலோ எடைக்கு 200 மைக்ரோகிராம், தோலுக்கடியில். யானைக்கால் ஒழிப்புத் திட்டத்தில் நம் ஊரில் மனிதர்களுக்குக் கொடுக்கிற அதே மருந்துதான்.

பலன் உண்டா? கலிஃபோர்னியாவின் சான் மிகெல் தீவில் வடக்கு ரோமக் கடற்சிங்கக் குட்டிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், மருந்து பெற்றவை எடையும் கூடின, பிழைத்ததும் அதிகம். நியூசிலாந்தின் எண்டர்பி தீவுக் கடற்சிங்கக் குட்டிகளும் மருந்துக்குப் பின் வேகமாக வளர்ந்தன. ஆனால் எண்டர்பியில் 2001–02 பருவத்திலிருந்து கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா பெருவாரியாகக் குட்டிகளைக் கொல்கிறது. புழுவை எடுத்துவிட்டால் குட்டி காப்பாற்றப்பட்டுவிட்டது என்று அங்கே சொல்ல முடியாது.

மறைமுக விலை என்று பார்த்தால், ஊசி போடத் தேர்ந்த கை வேண்டும். மணலும் சாணமும் அப்பிய தோலில் ஊசி குத்தினால் சீழ்க்கட்டி வரலாம். நெளிகிற குட்டியைப் பிடித்தவர் விரலிலும் ஊசி ஏறலாம். ஒவ்வொரு குட்டியையும் எடை பார்த்து, அடையாளமிட்டு, அதே இடத்தில் கொண்டுபோய் விட வேண்டும்.

## வழி 3: முதுகில் சொட்டு மருந்து

நாய்களுக்கு உண்ணிக்காகப் பிடரியில் சொட்டு மருந்து விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே முறைதான். ஆஸ்திரேலியக் கடற்சிங்கக் குட்டிகளில் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனை 2021-இல் வெளியானது. கிலோவுக்கு 500 மைக்ரோகிராம் ஐவர்மெக்டினைத் தோலில் விட்டபோது, ஊசிக்கு ஈடாக, தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் பலன் கிடைத்தது. பேன்களும் குறைந்தன.

இது எனக்கு மிகவும் பிடித்த வழி. ஊசி இல்லை, தோலில் துளை இல்லை, பிடித்துவைக்கும் நேரம் குறைகிறது. ஒரே நாளில் நிறைய குட்டிகளைப் பார்க்க முடியும். கொக்கிப்புழுவில் காலம்தான் எல்லாம் என்பதால் இந்த வேகம் பெரிய விஷயம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். குட்டியை எப்படியும் பிடித்தாக வேண்டும், ஆகவே கூட்டம் கலையும் தொல்லை அப்படியே இருக்கிறது. நனைந்த ரோமத்தைப் பிரித்துத் தோலில் படும்படி விடாவிட்டால் மருந்து வீணாகும். அப்புறம், ஒரு தளத்துக் குட்டிகள் எல்லாவற்றுக்கும் ஆண்டுக்கணக்கில் ஒரே மருந்தைக் கொடுத்துவந்தால் புழுக்கள் பழகிப்போகும் ஆபத்து உண்டு. ஆட்டுப்பண்ணைகளில் ஐவர்மெக்டினுக்கு நேர்ந்தது இதுதான்.

பிடிக்கிற தொல்லைக்குப் பதில் தாய்க்கே முன்கூட்டி மருந்து கொடுத்துவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். திசுக்களில் உறங்கும் இளம்புழுக்களைச் சாதாரண புழு மருந்துகள் தொடுவதில்லை என்பது நாய்க் கொக்கிப்புழுவிலேயே தெரிந்த செய்தி. தவிர, தாயைப் பிடிக்க மயக்கம் வேண்டும். சந்தேகத்துக்குரிய பலனுக்காக, பால் கொடுக்கும் ஒரு பெண்ணின் உயிரைப் பணயம் வைக்க நான் ஒப்ப மாட்டேன்.

## வழி 4: மயக்கி வைத்தியம் செய்வது

கையால் பிடிக்க முடியாத அளவு பெரிய விலங்கு என்றால் வேறு வழியில்லாமல் இங்கேதான் வருவோம். மயக்கத்திலும் மூன்று வகை.

*வாயு.* காதுமடல் உள்ள கடற்சிங்கங்களை வலையிலோ கூண்டிலோ அடக்கி, முகமூடி வழியாக ஐசோஃப்ளூரேன் கொடுக்கலாம். தூக்கிச் செல்லும் அளவிலான களக் கருவி 1998 முதலே ஆய்விதழ்களில் இருக்கிறது. வாயுவை நிறுத்தினால் சில நிமிடங்களில் விலங்கு விழிக்கும், மூச்சு நின்றால் குழாய் போட்டு ஆக்சிஜனை அழுத்திக் கொடுக்கலாம். மூன்றில் கட்டுப்பாடு மிகுந்தது இதுவே. ஆனால் கருவி, சிலிண்டர், பயிற்சி பெற்றவர் எல்லாமே பாறைத் தீவு வரை போயாக வேண்டும்.

*ஊசி.* இனத்துக்கு இனம் பதில் மாறுவதுதான் இங்கே பெரிய பொறி. டைலிடமின்–சோலாஸபாம் கலவை தெற்கு யானைச் சீல்களில் பல ஆண்டுகளாக நன்றாகவே பயன்படுகிறது. அதே கலவையில் வெட்டல் சீல்களும் சிறுத்தைச் சீல்களும் மூச்சு நின்று இறந்திருக்கின்றன. ஒரு சீலில் சரிவந்த அளவை இன்னொன்றுக்கு அப்படியே மாற்றக் கூடாது. கொழுப்புப் படலம் இன்னொரு சிக்கல். ஊசி முனை தசையை எட்டாமல் கொழுப்பிலேயே நின்றால் மருந்து மெல்லத்தான் ஏறும். விலங்கு அசைகிறதே என்று இரண்டாவது ஊசி போடுவார்கள். பிறகு இரண்டும் சேர்ந்து வேலை செய்யும்.

முறிவு மருந்து, அதாவது மயக்கத்தைக் கலைக்கும் மருந்து, உள்ள கலவைகளைத்தான் நான் மதிப்பேன். மிடாசோலாமுக்கு ஃப்ளூமாசெனில், பியூட்டார்ஃபனாலுக்கு நால்ட்ரெக்ஸோன், மெடிடோமிடினுக்கு அடிபாமசோல். டைலிடமினுக்கு அப்படி ஒன்று கிடையாது.

*தூரத்திலிருந்து மயக்க அம்பு.* மிக ஆபத்தானது இதுதான், ஏனென்றால் அம்பு பட்ட விலங்கு நேரே கடலுக்குத்தான் ஓடும். வான்கூவர் மீன்காட்சியகத்தின் மருத்துவர் குழு, கழுத்தில் பிளாஸ்டிக் பட்டை இறுகிய ஸ்டெல்லர் கடற்சிங்கங்களை மெடிடோமிடின், மிடாசோலாம், பியூட்டார்ஃபனால் கலந்த அம்பால் மயக்கிப் பட்டையை அறுத்து விட்டிருக்கிறது. இந்தக் கலவையில் விலங்கு நீரில் இறங்கினாலும் தலையைத் தூக்கி மூச்சுவிட வாய்ப்பு இருக்கிறது, படகில் பின்தொடர்ந்து முறிவு மருந்தும் கொடுக்கலாம். கழுத்தை அறுத்துக்கொண்டிருக்கும் பட்டை நிச்சயமான சாவு, ஆகவே அந்தத் துணிச்சல் நியாயம். குடற்புழு அப்படிப்பட்ட காரணம் ஆகாது.

மறைமுக விலையில் பலரும் மறப்பது, மயக்கத்துக்குப் பிந்தைய நேரம். விழித்ததும் விட்டுவிட்டுக் கிளம்ப முடியாது. தலை நிமிர்த்தி, தெளிவாக நகர்ந்து, தானே நீரில் இறங்கும் வரை ஆள் நிற்க வேண்டும். அலை ஏறும் நேரத்தைப் பார்க்காமல் தொடங்கினால் அதற்கு இடமே இருக்காது.

இந்த ஆபத்தை ஊதிப் பெரிதாக்கவும் கூடாது. ஹவாய் துறவிச் சீல்களில் அடையாளமிடுதல், மாதிரி எடுத்தல் போன்ற கையாளுதல்களைப் பற்றி 2002-இல் வந்த ஆய்வு, கையாளப்பட்டவற்றுக்கும் கையாளப்படாதவற்றுக்கும் பிழைப்பில் வேறுபாடு காணவில்லை. தேர்ந்த குழு, சரியான விலங்கைத் தேர்ந்தெடுத்துச் செய்தால் அப்படி அமையும். ஆனால் நாம் பேசிக்கொண்டிருப்பது இரத்தம் குறைந்த, இளைத்த விலங்குகளைப் பற்றி.

## வழி 5: மீட்பு மையம்

நுரையீரல் புழுவுக்கு உருப்படியான ஒரே வழி இதுதான். துறைமுகச் சீல், யானைச் சீல் இவற்றின் இளம் விலங்குகளில் ஓட்டோஸ்ட்ராங்கிலஸ் என்ற பெரிய புழு மூச்சுக்குழாய்களிலும் நுரையீரல் இரத்தக் குழாய்களிலும் தங்குகிறது. இதை ஒரே அடியாகக் கொன்றால், செத்த புழுக்கள் குழாய்களை அடைத்து, உடலின் எதிர்வினையில் நுரையீரல் வீங்கி விலங்கே இறக்கலாம். அதனால் முதலில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கொடுத்து வீக்கத்தைத் தடுத்து, பிறகே ஃபென்பெண்டசோலோ ஐவர்மெக்டினோ கொடுக்கிறார்கள். கூடவே நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து, திரவ உணவு. கடற்கரையில் ஓர் ஊசி போட்டுவிட்டு வரக்கூடிய வைத்தியம் இல்லை இது. நெதர்லாந்தில் பீட்டர்புரனில் இயங்கி 2025-இல் லாவர்ஸோக்குக்கு இடம்மாறிய சீல் மையத்திலும், கலிஃபோர்னியாவில் 1975 முதல் இயங்கும் கடல் பாலூட்டி மையத்திலும் இத்தகைய இளம் சீல்களைப் பார்த்துவருகிறார்கள்.

விலை அதிகம். வாரக்கணக்கில் தொட்டி, மீன், ஆட்கள். ஒரு தொட்டியில் வந்த நோய் இன்னொன்றுக்குப் போகலாம், திரும்ப விடும்போது கடலுக்கும் போகலாம். 2023-இல் அர்ஜென்டினாவின் வால்டேஸ் தீபகற்பத்தில் பறவைக் காய்ச்சல் ஏறத்தாழ 17,000 யானைச் சீல் குட்டிகளைக் கொன்றபின், இந்தக் கவலை பன்மடங்காகிவிட்டது. பால்குடிக் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவருவது இன்னும் மோசம். கொக்கிப்புழுவுக்காக அதை ஒருபோதும் செய்யக் கூடாது.

## ஒரே பார்வையில்

| வழி | மூச்சு ஆபத்து | கூட்டத்துக்குத் தொல்லை | மறைமுக விலை | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|
| விட்டுவிடுவது | இல்லை | இல்லை | அருகிய இனத்தில் தவறவிட்ட உயிர் | வளர்ந்தவை, மூன்று மாதம் தாண்டிய குட்டிகள் |
| பிடித்து ஊசி | குறைவு | உண்டு | சீழ்க்கட்டி, தேர்ந்த கை தேவை | சில குட்டிகள், மருத்துவர் உடனிருந்தால் |
| சொட்டு மருந்து | குறைவு | உண்டு | மருந்துக்குப் புழு பழகுதல் | பல குட்டிகள், குறுகிய காலம் |
| மயக்கம் | அதிகம் | அதிகம் | கருவி, விழிக்கும் வரை காவல் | வலை, காயம் போன்ற வேறு அவசரம் |
| மீட்பு மையம் | பயணத்தில் உண்டு | ஒரு விலங்கோடு நிற்கும் | நோய்ப் பரவல், செலவு | இருமும், இளைத்த, பால் மறந்த இளம் சீல் |

## சில நேரடிச் சூழல்கள்

மூன்று வாரக் கடற்சிங்கக் குட்டி, ஈறு வெளுத்திருக்கிறது, தாய் இரை தேடக் கடலுக்குப் போயிருக்கிறது. அனுமதியும் பழகிய ஆட்களும் இருந்தால், சொட்டு மருந்து விட்டு உடனே விலகுங்கள். இரத்தப் பரிசோதனை செய்ய ஆசை வரும். அந்தக் குட்டிக்கு நிமிடங்களும் இரத்தமும் இரண்டும் முக்கியம், ஆகவே மாதிரியை வேறு வலுவான குட்டியிடம் எடுக்கலாம்.

கழுத்தில் வலை இறுகிய வளர்ந்த பெண் விலங்கு, உடம்பில் பேன், சாணத்தில் புழு முட்டை. மயக்க வேண்டியதுதான், ஆனால் வலைக்காக. மயக்கத்தில் இருக்கும்போது ஐவர்மெக்டின் கொடுப்பது கூடுதல் நேரம் எடுக்காது என்றால் கொடுக்கலாம். அதற்காக ஐந்து நிமிடம் நீட்டிக்க வேண்டுமென்றால் வேண்டாம்.

மூக்கில் இரத்தக் கசிவோடு இருமும் இளம் துறைமுகச் சீல். கடற்கரையில் மயக்காதீர்கள், புழு மருந்தும் கொடுக்காதீர்கள். பிடித்துக் கூண்டில் ஏற்றி, குளிர்ச்சியாக, அமைதியாக மையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மயக்கம் தேவையா என்பதை எக்ஸ்ரேயும் ஆக்சிஜனும் உள்ள இடத்தில் முடிவு செய்யட்டும்.

இதை வாசிப்பவர் மருத்துவரோ மாணவரோ இல்லை, சிட்னியிலோ கலிஃபோர்னியாவிலோ கடற்கரையில் நடக்கும்போது சோர்ந்து கிடக்கும் சீலைப் பார்க்கிறவர் என்றால், மேலே சொன்ன எந்த வழியும் உங்களுக்கானதில்லை. அருகே போகாதீர்கள், நீர் ஊற்றாதீர்கள், கடலுக்குள் விரட்டாதீர்கள். ஹவாயில் அதிகாரிகள் கேட்டுக்கொள்வது சீலிடமிருந்து 50 அடி, தாயும் குட்டியும் என்றால் 150 அடி தூரம். நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, தூரத்திலிருந்தே படமெடுத்து, உள்ளூர் கடல் விலங்கு மீட்பு எண்ணுக்கு இடத்தைச் சொல்லுங்கள். இருமுகிறதா, மூக்கில் இரத்தம் வருகிறதா, உடம்பில் வலை சுற்றியிருக்கிறதா என்ற மூன்றையும் சேர்த்துச் சொன்னால், வருகிறவர்கள் எந்தக் கருவியோடு கிளம்ப வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும்.